ஞா பிரிமி குத்திய முதல் நாள் முத்திரை

சான் ஹெர்வாசியோ தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் சீல் குத்தியவள் பிரிமித்திவா. ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அவள் ஞா பிரிமி; மூத்தவளை மரியாதையாக 'ஞா' என்பது எங்கள் வழக்கம். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்ததும், தேதி முத்திரையின் அடியில் இருக்கும் பொடி எழுத்துகளை இடுக்கியால் பிடுங்கி, அன்றைய தேதியை மாட்டி, நீளப் பதிவேட்டில் ஒரு குத்து குத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போடுவாள். அதற்குப் பிறகுதான் தெரெரே இலை போட்ட குவளையில் குடிக்க ஐஸ் தண்ணீர் ஊற்றுவாள். அந்தக் குத்து விழாமல் அவள் தொண்டையில் ஒரு மிடறு இறங்காது.

ஒருமுறை மேயர் டெண்டர் கவரைத் தூக்கிக்கொண்டு வந்து, "நேத்துத் தேதியப் போட்டுக் குடு ஞா பிரிமி, ஒரு நாள்தானே" என்று இளித்தார்.

"நேத்து வந்திருந்தா நேத்துத் தேதி போட்டிருப்பேன். இன்னைக்கு வந்திருக்கீங்க, இன்னைக்குத் தேதி. போன நாளத் திருப்பிக் கூட்டிட்டு வர நான் என்ன கடவுளா?"

சொல்லிவிட்டு அவர் கண் முன்னாலேயே டமாரென்று குத்திப் பையில் போட்டாள். அதற்கப்புறம் ஆறு மாசம் அவள் தெருவுக்குக் குப்பை வண்டி வரவில்லை. அசைந்தாளா? குப்பையைப் பின்கட்டில் போட்டுக் கொளுத்தினாள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பிடிவாதக்காரி. வழக்கு வம்பு என்று வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் நீதிபதியிடமே, "இது ஞா பிரிமி குத்துன கவருங்க" என்பார்கள். நீதிபதியும் தலையாட்டிக்கொள்வார்.

அவளுக்கு ஒரே பிள்ளை, எவேலியோ. அப்பன்காரன் வேலை தேடி பிரேசில் பக்கம் போனவன் போனவன்தான். பிள்ளை லாரி ஓட்டினான். யார் வம்புக்கும் போகாதவன். இருபத்தைந்து வயதில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெரிய பண்ணை ஒன்றிலிருந்து எண்பது மாடுகள் காணாமல் போயின, அவன் லாரியில்தான் ஏற்றப்பட்டன என்று வழக்கு. அன்றைக்கு அவன் இருநூறு கிலோமீட்டர் தள்ளி, லாரிகளை அக்கரை சேர்க்கும் படகில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தான். யார் கேட்டார்கள்? பண்ணைக்காரருக்கு ஒரு ஆள் வேண்டும், நீதிபதிக்குப் பை நிறைய வேண்டும். ஒன்பது வருஷம் என்று தீட்டிவிட்டார் அந்தப் புண்ணியவான்.

இரண்டு வருஷம் கழித்து அதே நீதிபதி லஞ்சத்தில் மாட்டி வீட்டுக்குப் போனார். அவர் தண்டித்தவர்கள் விண்ணப்பித்தால் மறுவிசாரணை நடக்கும் என்று தலைநகரில் ஒரு குழு அமைத்தார்கள். விதி ஒன்றே ஒன்றுதான் கறாரானது. மார்ச் பன்னிரண்டாம் தேதிக்குள் மனு தபாலில் சேர்ந்திருக்க வேண்டும், உறைமேல் விழுந்த முத்திரையின் தேதியே கணக்கு. அதைத் தாண்டினால் மறுபடி வாய்ப்பில்லை. மிச்சமிருந்த ஏழு வருஷத்தையும் உள்ளேயே கழிக்க வேண்டியதுதான்.

பிரிமி ஒவ்வொரு காகிதமாகப் பிச்சைக்காரி மாதிரி அலைந்து சேர்த்தாள். மிச்சம் இருந்தது படகுத்துறைப் பதிவேட்டின் பக்கம். எவேலியோவின் லாரி எண், நாள், நேரம் எல்லாம் அதில் இருந்தது. துறைக்காரன் இன்று நாளை என்று இழுத்தடித்து, கடைசியில் மார்ச் பதினொன்றாம் தேதி சாயங்காலம் நகல் வந்து சேர்ந்தது. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனாள். அது சந்தோஷ அழுகைதான்.

மறுநாள் பன்னிரண்டு. அந்த நாளில்தான் எங்கள் ஊருக்குத் தபால்தலைத் திருவிழா.

டாக்டர் அனஸ்தாசியா வில்யால்பா எங்கள் ஊரில் பிறந்தவர். நாட்டின் முதல் பெண் வேதியியலாளர். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உள்ளங்கை கறுத்துத் தடித்துப் போகும். சாபம் என்று சொல்லிப் பாதிரியாரிடம் ஓடிக்கொண்டிருந்தோம். கழுதை மேல் கண்ணாடிப் புட்டிகளைக் கட்டிக்கொண்டு கிணறு கிணறாகப் போய், நஞ்சு தண்ணீரில் இருக்கிறது என்று கண்டு சொன்னவர் அவர். அவர் பிறந்து நூறு வருஷம் ஆனதற்கு அரசாங்கம் தபால்தலை வெளியிட்டது. ஒரு கையில் கண்ணாடிக் குழாய், தலையில் வைக்கோல் தொப்பி. மூக்கு கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது, பரவாயில்லை.

அதற்கென்று தலைநகரிலிருந்து தனி முத்திரை வந்திருந்தது. நடுவில் ஒரு குடுவை, சுற்றிலும் டாக்டர் பெயர், கீழே 'வெளியீட்டு முதல் நாள், மார்ச் 12'. சாதாரண முத்திரையில் தேதியைக் கழற்றி மாற்றலாம். இதில் முடியாது. தேதியையும் சேர்த்தே செதுக்கியிருந்தார்கள்.

போஸ்ட் மாஸ்டர் தோன் தெலேஸ்ஃபோரோ காலையிலேயே சாதாரண முத்திரையைப் பிடுங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "மேலிடத்து உத்தரவு பிரிமி. இன்னைக்கு இந்த ஆபீஸ்லருந்து போற அத்தனை கடிதத்துக்கும் டாக்டரம்மா சீல்தான். பதிவுத் தபாலும் இன்னைக்குக் கிடையாது, கூட்டம் வருது."

"பதிவேட்டுல காலைக் குத்து?"

"ஒரு நாள் குத்தலன்னா ஆறு வறண்டுடாது. போ, மேசைக்குத் துணி விரி."

முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகப் பதிவேட்டில் ஒரு நாள் வெறுமையாக நின்றது. அவளுக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் மனுவில் அவள் மனசு இருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டாள்.

வழக்கம் என்னவென்றால், முதல் குத்தை அமைச்சர்தான் குத்த வேண்டும். அதற்கு முன்னால் வேறு யாரும் அந்த முத்திரையைத் தொடக்கூடாது. பத்து மணிக்கு வரவேண்டிய அமைச்சர் பன்னிரண்டுக்கும் வரவில்லை, மூன்றுக்கும் வரவில்லை. வாத்தியக்காரர்கள் மாமரத்தடியில் தூங்கிப்போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த சிப்பா ரொட்டியை அவர்களுடைய அப்பன்மார்களே தின்று தீர்த்தார்கள். பிரிமி ஏப்ரனுக்குள் அந்தப் பெரிய பழுப்பு உறையை வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் தபால்தலை ஆறு வாங்கி வரிசையாக ஒட்டியிருந்தாள். குழுவில் இருப்பவர்கள் அந்த முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் இரங்குவார்கள் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. பக்கத்து ஊர்த் தபால் நிலையத்தில் போய்ப் போட்டிருக்கலாமே என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தபால் நிலையத்துக்குள்ளேயே நிற்பவள் எதற்கு வேறு தபால் நிலையத்தைத் தேடுவாள்?

ஐந்தேகாலுக்கு அமைச்சர் வந்தார். டாக்டரின் நோட்டுப் புத்தகங்களில் ஒரு பொய்யான எண் கிடையாது, ஒரு பொய்யான தேதி கிடையாது என்று பேசினார். முதல் குத்தைக் குத்தி, விரலில் மை பட்டதற்கு முகம் சுளித்துவிட்டு, காரில் ஏறிப் போனார். கார்ப் புழுதி அடங்குவதற்குள் பிரிமி முத்திரையைப் பாய்ந்து எடுத்துத் தன் மகன் மனுவின் மேல் ஆறு தடவை குத்தினாள். மணி ஐந்தே முக்கால். தேதி மார்ச் பன்னிரண்டு. உறையைத் தன் கையாலேயே பையில் போட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிட்டாள்.

அந்தப் பை அன்றைக்கும் கிளம்பவில்லை, மறுநாளும் கிளம்பவில்லை. விழா முத்திரை விழுந்ததெல்லாம் ஒன்றாகப் போகட்டும் என்று தெலேஸ்ஃபோரோ அதை அலமாரியில் பூட்டி வைத்தது அவளுக்குத் தெரியாது.

பதினான்காம் தேதி தோன் ஓட்டோ வந்தார். தலைநகரில் தபால்தலை வியாபாரம் செய்கிறவர். வெள்ளைத் தொப்பி, வாய் நிறையத் தேன். வேனிலிருந்து அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக இறக்கினார். எல்லாம் தபால்தலை சேகரிப்பவர்களுக்கு விற்க டாக்டர் படம் அச்சடித்த முதல் நாள் உறைகள், தபால்தலை ஒட்டித் தயாராக இருந்தன. குத்துவது ஒன்றுதான் பாக்கி.

பிரிமி காலண்டரைக் காட்டினாள். "இன்னைக்குப் பதினாலு."

"சீல்ல பன்னெண்டுதானே இருக்கு ஞா பிரிமி?" என்று சிரித்தார் தோன் ஓட்டோ. "நான் என்ன பண்ண, நீங்க என்ன பண்ண?"

அவள் முத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். தெலேஸ்ஃபோரோ அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"பிரிமி, இது பொய்க் கணக்கு இல்ல. ஞாபகார்த்தம். உலகம் பூரா இப்படித்தான். முதல் நாளே பூராத்தையும் குத்தி முடிக்க எவனால முடியும்?"

"நான் குத்த மாட்டேன் தோன் தெலே. வேற ஆளப் பாருங்க."

"வேற ஆளு குத்துனா கோணலா விழும், அந்தாளு வாங்க மாட்டான். மேலிடத்துல உன் கைதான் வேணும்னு கேட்டாங்க." பிறகு குரலை இறக்கினார். "உன் பையன் மனு குழுவுக்குத்தானே போயிருக்கு? அந்தக் குழுவுல நம்ம தபால் டைரக்டரோட மச்சான் இருக்காரு. நான் சொன்னா டைரக்டர் சொல்லுவாரு. நீ இந்தப் பக்கம் ஒத்துழைச்சாத்தான் நான் அந்தப் பக்கம் வாயத் திறக்க முடியும். பாத்துக்க."

மேயருக்கு மசியாதவள், குப்பை நாற்றத்துக்கு மசியாதவள். ஆனால் சிறையில் போன மாசம் பார்த்தபோது எவேலியோவின் பல் ஒன்று உடைந்திருந்தது. எப்படி என்று கேட்டதற்கு, விழுந்துவிட்டேன் என்றான். அது அவள் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. வெளியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பெட்டியைப் பிரித்தாள்.

மூன்று வாரம் குத்தினாள். பதினைந்தாம் தேதி குத்தினாள், இருபதாம் தேதி குத்தினாள், ஏப்ரல் இரண்டாம் தேதி குத்தினாள். எல்லாவற்றிலும் மார்ச் பன்னிரண்டு என்றே விழுந்தது. குத்த ஆரம்பித்தால் எண்ணிக்கொள்வது அவள் பழக்கம், அதை விட முடியவில்லை. நாலாயிரத்து நூற்றுப் பத்து. கடைசிப் பெட்டி முடிந்த அன்றைக்குத்தான், தெலேஸ்ஃபோரோ விழா நாளின் பையையும் இந்த உறைகளையும் ஒன்றாகக் கட்டி, நேரே தலைநகரின் தபால்தலைப் பிரிவுக்கு அனுப்பினார். அவள் மகனின் மனு அந்த மூட்டையோடு மூட்டையாகத்தான் போனது.

மே மாசம் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. மனு ஏப்ரல் ஆறாம் தேதிதான் கிடைத்தது, உறையில் உள்ளது நினைவு முத்திரை, இவ்வகை முத்திரைகள் பின்னாளிலும் குத்தப்படுவது வழக்கம் என்பதால் தேதியை ஏற்க இயலவில்லை, ஆதாரம் இருந்தால் நேரில் வரவும் என்று எழுதியிருந்தது.

பை மூன்று வாரம் ஊரிலேயே கிடந்திருக்கிறது என்பது அந்தத் தேதியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துபோனது. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு தெலேஸ்ஃபோரோவிடம் போனாள்.

"நீங்க எழுதிக் குடுங்க. இந்தக் கவரு பன்னெண்டாந் தேதி பைக்குள்ள விழுந்துச்சு, பைய நீங்கதான் நிறுத்தி வச்சீங்கன்னு எழுதிக் குடுங்க."

"என்ன பை? எந்தப் பை?" அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "அத எழுதுனா மூணு வாரம் எதுக்குடா பைய வச்சிருந்தேன்னு கேப்பான். எனக்கு ரிட்டயராக ரெண்டு வருஷம்தான் இருக்கு பிரிமி."

"டைரக்டரோட மச்சான்?"

"சொன்னேன், சொன்னேன். பாப்போம்னாரு."

"நீங்க சொல்லவே இல்ல."

அவள் அவர் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். நாங்களாக இருந்தால் துப்பியிருப்போம். அவள் வாசல்வரை போய்த் திரும்பி, "உங்க பிள்ளைங்க வெளியதான இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் தலைநகருக்குப் போனாள். மடியில் அந்த நீளப் பதிவேடு. அலுவலகத்திலிருந்து அதை எடுத்து வரக்கூடாது, தெரிந்தேதான் எடுத்து வந்தாள். குழுவின் செயலாளர் தோன்யா எர்மிந்தா என்று ஒரு அம்மாள். கண்ணாடி போட்ட, களைத்துப்போன முகம். கெட்டவள் இல்லை. உட்காரச் சொன்னாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

பிரிமி பதிவேட்டை விரித்தாள். "பாருங்கம்மா. முப்பத்தொரு வருஷம். ஒரு நாள் விடாம தினம் காலைல குத்தி கையெழுத்துப் போட்டது என் கை."

அம்மாள் பக்கங்களைத் திருப்பினாள். மார்ச் மாசத்துக்கு வந்தாள். பதினொன்று இருந்தது, பதிமூன்று இருந்தது.

"பன்னெண்டு எங்க?"

"அன்னைக்கு அந்த சீலைப் பூட்டி வச்சிட்டாங்கம்மா. விழாவுக்கு."

தோன்யா எர்மிந்தா பெருமூச்சு விட்டாள். கோப்பிலிருந்து பழுப்பு உறையை எடுத்து வைத்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்து சிறிய வெள்ளை உறை ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அதே தொப்பி, அதே குழாய், அதே குடுவை, அதே தேதி. "எங்க வீட்டுக்காரருக்கு ஸ்டாம்ப்புப் பைத்தியம். பேப்பர்ல விளம்பரம் பாத்து மார்ச் இருபத்தஞ்சாந் தேதிதான் இதுக்கு எழுதிப் போட்டாரு. அதுக்கப்புறம் குத்தி வந்தது இது. இதக் குத்துனது யாரு?"

பிரிமி பார்த்தாள். அவளுடைய குத்துதான். நேராக, சுத்தமாக, ஒரு கோடுகூட மங்காமல் விழுந்திருந்தது.

"நான்தான்."

"இதோ, உங்க பையன் மனு?"

"அதுவும் நான்தான். ஆனா அது பன்னெண்டாந் தேதியே குத்துனது."

"நான் நம்பறேன்னே வச்சுக்குங்க. பண்ணைக்காரரோட வக்கீல் நாளைக்கு வந்து கேப்பான். அவனுக்கு நான் என்ன சொல்ல? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சொல்ல வேண்டிய வாக்கியம் பிரிமியின் நாக்கு நுனியில் இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு பொய்த் தேதி குத்தியதில்லை. மேயரிடம் சொன்ன வாக்கியம், நீதிமன்றம் தலையாட்டி ஏற்றுக்கொண்ட வாக்கியம். மார்ச் பதினான்காம் தேதி காலைவரைக்கும் அதைச் சொல்லியிருந்தால், இந்த அம்மாள் பேனாவை எடுத்து எழுதியிருப்பாள். வாயைத் திறந்தாள். எதிரே வெள்ளை உறை கிடந்தது. வாயை மூடிக்கொண்டாள். மகனுக்காக என்று நினைத்து மூன்று வாரம் உட்கார்ந்து, மகனுக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே குத்திக் குத்தி அழித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது.

"நாலாயிரத்து நூத்திப் பத்து அப்புறமாக் குத்துனேன்" என்றாள். "இது ஒண்ணத்தான் அன்னைக்குக் குத்துனேன்."

"எப்படிப் பிரிச்சுச் சொல்றது?"

பிரிமி இரண்டு உறைகளையும் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மையைப் பார்த்தாள், அழுத்தத்தைப் பார்த்தாள்.

"முடியாதும்மா" என்றாள். "எனக்கே தெரியல."

அம்மாள் கோப்பை மூடினாள். வாசல்வரை கூட வந்தாள் என்று சொல்கிறார்கள், அதனால் என்ன பிரயோஜனம்?

ஞாயிற்றுக்கிழமை சிறைக்குப் போனாள். எவேலியோவுக்குப் பிடித்த சிப்பாவும், வறுத்த மரவள்ளிக்கிழங்கும் கொண்டுபோயிருந்தாள். நீளப் பெஞ்சில் பத்து இருபது குடும்பம், ஒரே இரைச்சல். அவன் இன்னும் இளைத்திருந்தான். அவள் எதையும் மறைக்கவில்லை. ஆறு தபால்தலை ஒட்டியதிலிருந்து, பையிலிருந்து, தோன் ஓட்டோவின் பெட்டிகளிலிருந்து, எர்மிந்தா அம்மாளின் கைப்பை வரைக்கும் சொன்னாள். அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஏழு வருஷமா?"

"ஆமாடா."

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். பிறகு அவள் பக்கமாகச் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"அம்மா, என்கிட்ட மட்டும் சொல்லு. படகுத்துறைத் தாள் லேட்டாத்தான வந்துச்சு? என்னோடதையும் அப்புறமாத்தான குத்துன?"

"பன்னெண்டாந் தேதிடா. மணி அஞ்சே முக்கால். மந்திரி காரு போன புழுதி கூட அடங்கல. என் கையாலதான் பையில போட்டேன்."

"சரிம்மா."

"நம்பலயாடா நீ?"

"சரின்னுதான சொல்றேன்." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு வருஷமாக, நான் அன்றைக்கு அங்கே இல்லை, நான் அன்றைக்கு அங்கே இல்லை என்று ஊரிடமெல்லாம் கத்திக் களைத்த பிள்ளை, இப்போது அவளைத் தேற்றினான். "லேட்டானாலும் என்னம்மா. எனக்காகத்தான பண்ண. எனக்கு உன் மேல கோபமே இல்ல."

என்ன சொன்னாலும் அவன் சரி என்றுதான் சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மணி அடித்ததும் மீதி ரொட்டியை அவன் சட்டைப்பையில் திணித்துவிட்டு, செய்யாத ஒன்றுக்காக மகன் கொடுத்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.